பலேர்மோவில் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டோம்



"ஊர் ஊராகப் போய்வந்த கதையெல்லாம் எழுதுகிறீர்கள். போன இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதுவதில்லையே" என்று அக்குறணையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆண்கள் எழுதும் பயணக் கதைகளில் கோபுரத்தின் உயரம் இருக்கும், கட்டிய மன்னனின் பெயர் இருக்கும். பசித்த நேரத்தில் எந்தக் கடைக்குப் போனார்கள், பொரித்த எண்ணெய் என்ன எண்ணெய் என்று கேட்டார்களா என்பது மட்டும் இருக்காது. எனவே இம்மாதம் சாப்பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2023 ஒக்டோபர் கடைசியில் நானும் கணவரும் லண்டனில் இருக்கும் மகனிடம் போயிருந்தோம். அங்கிருந்து இத்தாலிக்கு ஐந்து நாள் போய்வர அவன் ஒழுங்கு செய்து தந்தான். இத்தாலி என்றதும் எல்லாரும் ரோமுக்கும் வெனிஸுக்கும்தான் ஓடுவார்கள். என் கணவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். "பலேர்மோவைத் தவிர வேறெங்கும் வரமாட்டேன்" என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். பலேர்மோ என்பது இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் தலைநகரம். முஸ்லிம்கள் 827இல் அந்தத் தீவில் இறங்கி, 831இல் பலேர்மோவைக் கைப்பற்றினார்கள். 1072இல் அது நோர்மன் கிறிஸ்தவர்களின் கைக்குப் போனது. இருநூற்று நாற்பது வருடத்துக்கு மேல் நம்மவர்கள் ஆண்ட நகரம் என்றால் சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருக்காது என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு பாதி சரி.

முதல் நாள் காலையில் பல்லறோ சந்தைக்குப் போனோம். நம் ஊர்ச் சந்தை மாதிரியேதான். வியாபாரிகள் பாட்டுப் போல இழுத்து இழுத்துக் கூவுகிறார்கள். கத்தரிக்காய் மலைபோலக் குவிந்திருக்கிறது. தேசிக்காயும் தோடம்பழமும் இலையோடு கிடக்கின்றன. இவற்றையும் கரும்பையும் பயிரிடும் வித்தையை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவர்கள் அரபுகள் என்று இவர் நடக்க நடக்கப் பாடம் எடுத்தார். நிலத்துக்கு நீர் பாய்ச்சக் கட்டிய தொட்டியைச் சிசிலிக்காரர் இன்றும் 'ஜெப்பியா' என்கிறார்கள். அது அரபியின் 'ஜாபியா'. தோடம்பூவுக்குப் பெயர் 'ஸாகரா'. பூ என்பதற்கான 'ஸஹ்ர்' என்ற அரபிச் சொல்தான் அது. எள்ளுக்கு 'ஜுஜ்ஜுலேனா', அரபியில் 'ஜுல்ஜுலான்'. உலர்ந்த திராட்சையை நாம் ஓதப் பழகிய காலத்திலேயே 'ஸபீப்' என்று கேட்டிருக்கிறோம். அங்கே ஒருவகைத் திராட்சைக்கே 'ஸிபிப்போ' என்று பெயர். அரபிப் பாடம் இப்படிச் சந்தையில் கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

முதலில் சாப்பிட்டது 'பனெல்லே'. கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய துண்டாக வெட்டிப் பொரித்தது. எள் தூவிய பாணுக்குள் நாலைந்து துண்டை வைத்து, மேலே தேசிக்காய் பிழிந்து தருகிறார்கள். கை பொறுக்காத சூடு. நம் ஊர்க் கடலை வடையை நினைவூட்டும் ருசி, ஆனால் உள்ளே வெண்ணெய் போல மிருது. எண்ணெய்ப் போத்தலைக் காட்டச் சொன்னோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினார், சூரியகாந்தி எண்ணெய். இவர் இரண்டாவதும் வாங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு சுலபமான காலம் முடிந்தது. பக்கத்துக் கடையில் 'அரஞ்சீனா' என்று தோடம்பழம் அளவில் சோற்று உருண்டை. குங்குமப்பூ நிறத்தில் சோறு, நடுவில் கறி வைத்து, பாண் தூளில் உருட்டிப் பொரித்திருக்கிறார்கள். பார்க்க நம் கட்லட்டின் பெரியம்மா மகள் மாதிரி. ஒரு வகையில் உள்ளே இறைச்சி, மற்ற வகையில் வெண்ணெயும் சீஸும். இரண்டாவதைக் காட்டி, சைவம்தானே என்று இவர் கையை நீட்டிவிட்டார். நான் தடுத்துக் கேட்டேன். அந்த வெண்ணெய் வகையில்தான் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கமாம். இறைச்சி வகை மாட்டிறைச்சியாகவே இருந்தாலும் அறுத்தது யார் என்று தெரியாது. கீரை வைத்ததும் சில கடைகளில் கிடைக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே எண்ணெயில்தான் பொரிகின்றன.

இதுதான் பலேர்மோவின் சங்கடம். உணவின் பெயர் அரபி, முறை அரபி, சாமான் அரபு நிலத்தில் இருந்து வந்தது. ஆனால் நடுவில் எத்தனையோ நூற்றாண்டு போய்விட்டது. சமையலறைக்குள் பன்றிக் கொழுப்பும் வைனும் வந்து குடியேறிவிட்டன. 'கஸ்ஸாத்தா' என்ற புகழ்பெற்ற கேக்கின் பெயர், பெரிய கிண்ணத்தைக் குறிக்கும் 'கஸ்ஆ' என்ற அரபிச் சொல்லில் இருந்து வந்தது என்பார்கள். ரிக்கொத்தா என்னும் இளம் சீஸும் பாதாம் பசையும் சீனியுமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கேக்கை மதுவில் நனைத்திருக்கலாம். 'கன்னோலி' என்ற குழல் பலகாரத்தின் மேல்தோல் மாவிலேயே பன்றிக் கொழுப்பும் மர்ஸாலா வைனும் சேர்ப்பது பழைய முறை. பெயரைக் கேட்டு உரிமை கொண்டாடிக்கொண்டு வாயில் போடுவதற்கில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சந்தை மூலையில் ஒருவர் ஆட்டுக்குடலைக் கம்பியில் சுற்றித் தணலில் வாட்டிக்கொண்டிருந்தார். 'ஸ்திக்கியோலா' என்பது பெயர். புகை வந்து மூக்கில் ஏறியதும் பாபத் கறி மணக்கும் பெருநாள் வீடு நினைவுக்கு வந்து இவர் அப்படியே நின்றுவிட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அருகிலேயே துனீசியரும் வங்காளதேசத்தவரும் நடத்தும் ஹலால் இறைச்சிக் கடைகள் இருக்கின்றன. சமையலறை உள்ள அறை எடுப்பவர்கள் வாங்கிச் சமைக்கலாம். எங்கள் அறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் மட்டும்தான்.

அன்று பின்னேரம் பெரிய தேவாலயம் பார்க்கப் போனோம். அந்த இடத்தில் முன்பு தேவாலயம் இருந்தது. முஸ்லிம்கள் வந்தபின் பள்ளிவாசலானது. நோர்மன்கள் வந்தபின் மீண்டும் தேவாலயமானது. இப்போதைய கட்டிடத்தை 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கு வாசல் மண்டபத்தின் இடப்பக்கத் தூணில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, அரபி எழுத்து வெட்டியிருக்கிறது. அல்அஃராப் சூராவின் 54ஆம் வசனத்தில் இரவையும் பகலையும் பற்றி வரும் பகுதி. இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். உல்லாசப் பிரயாணிகள் தூணில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். துனீசியர் நடத்தும் பள்ளிவாசல் ஒன்று பழைய நகருக்குள் இருக்கிறது. அதுவும் முன்பு தேவாலயமாக இருந்த கட்டிடம். இந்த நகரத்தில் கட்டிடங்கள் சமயம் மாறுவது புதிதல்ல.

மறுநாள் அரண்மனைச் சிற்றாலயம். மன்னன் இரண்டாம் றோஜர் கட்டி 1140இல் திறந்தது. சுவரெல்லாம் பொன்னிறக் கல் பதித்த கிறிஸ்தவச் சித்திரங்கள். தலையைத் தூக்கினால் மரக்கூரை முழுவதும் தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கிய 'முகர்னஸ்' வேலை. அதில் கூஃபி எழுத்தில் வாழ்த்துச் சொற்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், சதுரங்கம் ஆடும் இருவர் என்று முஸ்லிம் கலைஞர்கள் தீட்டிய படங்கள். கழுத்து வலித்ததுதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் எனக்கு அதைவிட 'ஸீஸா' மாளிகைதான் பிடித்தது. பெயரே 'அல்அஸீஸா'. 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் மன்னர்களுக்காக அரபு முறையில் கட்டிய கோடை மாளிகை. நடு மண்டபத்தில் ஊற்று நீர் சரிந்த கல்லில் வழிந்து, தரையில் வெட்டிய வாய்க்காலில் ஓடி, வெளிக்குளத்தில் விழுமாம். அந்த ஈரக் காற்று சுவருக்குள் வைத்த குழாய் வழியாக மேல்மாடி அறைகளுக்கு ஏறும். மின்விசிறி இல்லாத காலத்துக் குளிரூட்டி.

அந்த மாளிகை இப்போது நூதனசாலை. அதில் ஒரு கல் இருக்கிறது, சகோதரிகளே, அதற்காகவே ஒரு தரம் போகலாம். அன்னா என்ற பெண்ணுக்கு, மன்னரிடம் பணியாற்றிய பாதிரியாரான அவளது மகன் 1149இல் வைத்த நினைவுக்கல். தாய் இறந்த செய்தியை லத்தீனிலும், கிரேக்கத்திலும், அரபியிலும், யூதரின் எழுத்தில் எழுதிய அரபியிலும் வெட்டியிருக்கிறான். நகரில் நாலு வகையான மக்கள் இருந்தார்கள். நாலு பேரும் தன் தாயின் பெயரை வாசிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். கண்ணாடிக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

அன்று இரவு அறையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு இவரிடம் கதை கேட்டேன். ஸ்பெயின் நாட்டு முஸ்லிமான இப்னு ஜுபைர் ஹஜ்ஜை முடித்துத் திரும்பும்போது 1184 டிசம்பரில் கப்பல் உடைந்து சிசிலியில் கரையேறினார். பலேர்மோவில் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசலும் காழியும் இருந்ததையும், பாங்கு கேட்டதையும் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவப் பெண்கள் நத்தார் பெருநாளன்று முஸ்லிம் பெண்களைப் போலவே முகத்திரையும் பட்டாடையும் அணிந்து, மருதோன்றி இட்டுக்கொண்டு தேவாலயம் போனதையும் கண்டிருக்கிறார். அவருக்கு இருநூறு வருடம் முன்பு, 973இல் வந்த இப்னு ஹவ்கல் என்பவர் இந்நகரில் முந்நூறு பள்ளிவாசல் என்று எழுதியதோடு, இவ்வூரார் பச்சை வெங்காயத்தை அளவில்லாமல் தின்று புத்தி கெட்டுப்போனார்கள் என்றும் திட்டியிருக்கிறார். வெங்காயமும் தக்காளியும் நெத்தலியும் பரப்பிச் சுடும் 'ஸ்ஃபிஞ்சோனே' என்ற தடித்த ரொட்டியை இன்றும் தெருத் தெருவாக விற்கிறார்கள். இப்னு ஹவ்கல் வந்து பார்க்கவேண்டும்.

ஆனால் இப்னு ஜுபைர் எழுதிய இன்னொரு சம்பவம் என்னைத் தூங்கவிடவில்லை. திராப்பானி ஊரில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது, அங்கிருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் தன் மகனை ஹாஜிகளில் ஒருவரிடம் தூது அனுப்பினார். தன் குமர்ப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்படியும், அவரே மணம் முடித்தாலும் சரி, அவருடைய ஊரில் நல்லவர் ஒருவருக்கு முடித்துக்கொடுத்தாலும் சரி என்றும் கேட்டார். அந்தப் பெண்ணும் உம்மா வாப்பாவைப் பிரிய மனம் பொருந்தினாள். வருகிற காலம் எப்படியென்று அந்த வாப்பாவுக்குத் தெரிந்திருந்தது. 1220களில் தொடங்கி இரண்டாம் ஃபிரெட்ரிக் மன்னன் சிசிலி முஸ்லிம்களைத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியப் பெருநிலத்திலுள்ள லூச்சேரா என்ற ஊரில் கொண்டுபோய்க் குடியேற்றினான். 1300இல் அந்த ஊரும் அழிக்கப்பட்டு, இருந்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். புத்தளத்தில் இருந்துகொண்டு எழுதும் எனக்கு இந்த இரண்டு வரியை வேகமாகக் கடந்துபோக முடியவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், மூன்றாம் நாள் நடந்தது அப்படி. பல்லறோவுக்கு அண்மையில் சில வீதிகளின் பெயர்ப்பலகை இத்தாலி, ஹீப்ரு, அரபி என்று மூன்று மொழியில் இருக்கிறது. அவற்றைப் படித்துக்கொண்டு போனபோது ஒரு கடையின் கண்ணாடியில் தமிழ் எழுத்து. உள்ளே போனால் பனங்கட்டி, ஒடியல், மிளகாய்த்தூள், மாசி. பலேர்மோவில் 1980களில் இருந்தே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறையப் பேர் குடியேறி வாழ்கிறார்கள். அதிகமானோருக்கு வீட்டு வேலையும், வயோதிபரைப் பராமரிக்கும் வேலையும்தான். நகருக்கு மேலே உள்ள பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொஸாலியா என்ற புனிதையின் குகைக்கோயிலுக்குச் சைவரும் கத்தோலிக்கருமாக நடந்தே ஏறுவது அவர்களின் வழக்கம்.

கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் முக்காட்டைப் பார்த்துவிட்டு, "நீங்கள் சிலோனோ, தங்கச்சி?" என்றார்.

"ஓம் அக்கா."

"எவ்விடம்?"

புத்தளம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒடியலின் மணமோ என்னவோ, "யாழ்ப்பாணம்" என்று வந்துவிட்டது. "யாழ்ப்பாணத்தில எவ்விடம்?" என்றார். சோனகத் தெரு என்றேன்.

அந்த அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அவர் வண்ணார்பண்ணையாம். கூப்பிடு தூரம். "அண்டைக்கு நாங்கள் வாசலுக்கு வரேல்லை தங்கச்சி. ஐயா கதவைப் பூட்டிப்போட்டார். எங்கட வீட்டுக்கு இறைச்சி கொண்டுவாற நானா எப்படிப் போனாரெண்டு இண்டைவரைக்கும் தெரியாது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எதுவும் வரவில்லை. அவரும் அதற்கு மேல் பேசவில்லை. இவர்தான் கடைக்காரரிடம் பனங்கட்டி விலை கேட்டு அந்த நேரத்தைச் சமாளித்தார்.

பிறகு அக்கா கேட்டார், "சாப்பாட்டுக்கு என்ன செய்யிறியள்?" நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னதும் சிரித்துவிட்டார். வியாழன் பின்னேரம் அவருக்கு ஓய்வாம். அங்கே வீட்டு வேலை செய்பவர்களுக்கு அது வழக்கமான ஓய்வு நேரம். "நாளைக்குத்தானே வியாழன், வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனார். முப்பது வருடமாக இத்தாலிக் கிழவிகளுக்குச் சமைத்துக் கொடுத்தவர். எந்தப் பண்டத்தில் என்ன விழுகிறது என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? மூன்று சொல்லைப் பாடமாக்கித் தந்தார். 'ஸ்த்ருத்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு. 'மயாலே' என்றால் பன்றி. 'வீனோ' என்றால் வைன். இவற்றுக்கு முன்னால் 'ஸென்ஸா' போட்டால் 'இல்லாமல்' என்று பொருள். சகோதரிகளே, இத்தாலிக்குப் போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இந்த நாலு சொல்லை மறக்கவேண்டாம்.

அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டோம். ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் அக்கா சமையற்காரியை வெளியே அழைத்து விசாரித்துவிட்டு உட்காரச் சொன்னார். சாளை மீன், காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, உலர் திராட்சை, பைன் விதை, குங்குமப்பூ எல்லாம் சேர்த்த பாஸ்தா வந்தது. மீனுக்குள் திராட்சையா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். புரியாணிக்குள் போடுகிறோமே! கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரியும் சீனியும் ஒலிவ் காயும் சேர்த்த 'கப்பொனாத்தா' வந்தது. நம் கத்தரிக்காய் மோஜுவைச் சாப்பிட்டவருக்கு அது சொந்தக்காரர்தான், உறைப்பு மட்டும் இல்லை. திராப்பானி பக்கத்தில் மீன் ஆணத்தோடு 'குஸ்குஸ்' சமைப்பார்கள் என்றும் அக்கா சொன்னார். போக நாள் போதவில்லை.

கடைசியாக ஒரு இனிப்புக் கடை. நவம்பர் 2 கத்தோலிக்கருக்கு இறந்தவர்களை நினைக்கும் நாள். அதற்காகப் பாதாம் பசையில் மாதுளை, தோடை, அத்தி என்று அசலைப் போலவே செய்து நிறம் தீட்டிய பழங்கள் கண்ணாடிப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றில் பாதாமும் சீனியும்தான். ஆனாலும் அக்கா கேட்டுவிட்டே வாங்கினார். பிறகு ஒரு தட்டைக் காட்டி, "இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். எள்ளும் தேனும் காய்ச்சி, கல்லில் பரப்பி, சாய்சதுரமாக வெட்டிய துண்டு. 'குப்பைத்தா' என்று அட்டை போட்டிருந்தது. அரபியில் 'குப்பைத்' என்ற இனிப்பின் பெயர்தான். "எள்ளுப்பாகு!" என்றேன். "ஓம், எங்கட எள்ளுப்பாகு" என்றார். எங்கள் இருவர் ஊரிலும் அதற்கு ஒரே பெயர், ஏனென்றால் ஊர் ஒன்றுதான். ஒரு துண்டை உடைத்துப் பாதி எனக்குத் தந்தார்.

விலாசம் எழுதித் தந்தேன். ஊருக்கு வந்தால் புத்தளத்துக்கு வாருங்கள் என்றேன். "நீங்கள் திரும்பிப் போகேல்லையோ?" என்றார். வீட்டுச் சுவர் மட்டும் நிற்கிறது, கூரை இல்லை என்றேன். அவருடைய வீட்டிலும் இப்போது வேறு யாரோ இருக்கிறார்களாம். பஸ் வந்துவிட்டது. இரவு வேலைக்குப் போகவேண்டிய வீட்டுக் கிழவிக்கு ஏழு மணிக்கு மருந்து கொடுக்கவேண்டும் என்று அவசரமாக ஏறினார்.

அக்குறணைச் சகோதரிக்கு வீட்டிலேயே செய்து பார்க்கப் பனெல்லே முறையும் எழுதிவிடுகிறேன். கடலை மா 250 கிராமை அரித்தெடுத்து, 750 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்கவும். உப்பும் மிளகுத்தூளும் போட்டு அடுப்பில் வைத்து, மெல்லிய நெருப்பில் கை ஓயாமல் கிண்டவும். இருபது நிமிடமளவில் களியாகிச் சட்டியை விட்டுக் கழன்று வரும். அங்கே பார்ஸ்லி இலை போடுவார்கள், நமக்குக் கொத்தமல்லி இலையை அரிந்து போட்டாலும் போதும். எண்ணெய் தடவிய தட்டில் அரை விரல் தடிப்புக்கும் குறைவாகப் பரப்பி, நன்றாக ஆறியபின் துண்டு போட்டு, கொதிக்கும் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிக்கவும். சூட்டோடு தேசிக்காய் பிழிந்து, பாணுக்குள் வைத்துக் கொடுங்கள். நோன்பு திறக்கவும் நன்றாக இருக்கும், ஆனால் களியை அஸருக்கு முன்பே கிண்டி ஆறவைத்துவிட வேண்டும்.